வெள்ளியில் இரண்டு மணி நேரம்

2025 மே 10 அன்று, ஐம்பத்து மூன்று ஆண்டுகளாகப் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த ஓர் உலோகக் கூடு வளிமண்டலத்துக்குள் புகுந்து விழுந்தது. எடை சுமார் அரை டன். பெயர் காஸ்மாஸ் 482. சோவியத் ஒன்றியம் 1972 மார்ச் 31-இல் வெள்ளிக் கோளுக்கு ஏவிய கலத்தின் தரையிறங்கும் பகுதி அது. பூமியின் ஈர்ப்பை விட்டுக் கிளம்பவேண்டிய கட்டத்தில் கடைசி ராக்கெட் பாதியிலேயே அணைந்துபோனது. கலம் இங்கேயே மாட்டிக்கொண்டது. அடுத்த சில நாள்களில் அதனுடன் போன ராக்கெட்டின் டைட்டானியம் உருண்டைகள் நியூசிலாந்தில் ஆஷ்பர்ட்டன் ஊர்ப்பக்கத்து வயல்களில் விழுந்தன. மிச்சமிருந்த கூடு இந்தியப் பெருங்கடலில் விழுந்ததாக ரஷ்ய விண்வெளி நிறுவனம் அறிவித்தது. வெள்ளியின் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஈடுகொடுக்கச் செய்த கூடு அது. பூமியின் காற்றில் எரிந்து போகாமல் முழுசாகவே வந்து விழக்கூடும் என்று வல்லுநர்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

வெள்ளிக்குப் போவது ஆபத்து என்கிறோம். யாருக்கு ஆபத்து? மனிதர் யாரும் அங்கே போனதில்லை. போய் அழிந்தவை எல்லாம் இயந்திரங்கள். அவற்றோடு அழிந்தது பணம். பணத்தைவிட அதிகமாக, அவற்றைச் செய்தவர்களின் ஆண்டுகள். இந்த இரண்டையும் பணயம் வைக்கத் தகுந்ததா அந்தக் கோள் என்பதுதான் கேள்வி. தகும் என்பது என் கட்சி. ஆனால் வெள்ளியின் எந்த உயரத்துக்கு, யாரை அனுப்பப்போகிறோம் என்பதைப் பொறுத்து அந்தப் பதில் மாறும்.

முதலில் தரை. வெப்பம் சுமார் 465 பாகை செல்சியஸ். ஈயம் 327 பாகையிலேயே உருகிவிடும். காற்றழுத்தம் பூமியில் இருப்பதைப் போல் 90 மடங்குக்கும் மேல். கடலுக்குள் 900 மீட்டர் இறங்கினால் உடம்பு உணரும் அழுத்தம் அது. காற்றில் 96 விழுக்காட்டுக்கு மேல் கரியமில வாயு. அந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் அதை வாயு என்றும் சொல்ல முடியாது, திரவம் என்றும் சொல்ல முடியாது. வெள்ளி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 நாள் எடுத்துக்கொள்கிறது. ஆகவே இரவு நீளம், மாதக்கணக்கு. அந்த நீண்ட இரவிலும் வெப்பம் குறைவதில்லை. துருவத்துக்குப் போனாலும் அதே கதிதான். குளிர்ச்சி வேண்டுமென்றால் மாக்ஸ்வெல் மலைத்தொடரில் ஏற வேண்டும். 11 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பம் 380 பாகை அளவுக்கு இறங்கும்.

இதெல்லாம் நமக்குத் தெரியவந்ததே தோல்விகளின் வழியாகத்தான். விண்கலங்கள் போவதற்கு முன் வெள்ளி கற்பனையின் சொத்தாக இருந்தது. எப்போதும் மேகம் மூடிக் கிடக்கிறது, ஆகவே கீழே ஈரம் இருக்கும், சதுப்புக்காடு இருக்கும் என்று நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் ஸ்வாந்தே அர்ரேனியஸே 1918-இல் எழுதினார். 1962 டிசம்பரில் அமெரிக்காவின் மாரினர் 2 பக்கத்தில் பறந்துபோய் அளந்தபோது தரை கொதிக்கிறது என்று தெரிந்தது. ஆனாலும் ஆசை விடவில்லை. 1967-இல் சோவியத்தின் வெனீரா 4 கலத்தைச் செய்தவர்கள், அது ஒருவேளை கடலில் விழுந்தால் என்ன செய்வது என்று யோசித்து, தண்ணீரில் கரைந்து திறந்துகொள்ளும்படி ஒரு பூட்டைச் சர்க்கரையால் செய்து வைத்திருந்தார்கள்.

சர்க்கரை கரையவில்லை. 1967 அக்டோபர் 18-இல் வெனீரா 4 பாராசூட்டில் இறங்கிக்கொண்டே வெப்பத்தையும் அழுத்தத்தையும் சொல்லிவந்தது. வெப்பம் 262 பாகை, அழுத்தம் பூமியைப் போல் 22 மடங்கு என்ற இடத்தில் குரல் நின்றது. தரையைத் தொட்டுவிட்டது என்று மாஸ்கோ அறிவித்தது. உண்மையில் அது தரைக்கு 25 கிலோமீட்டர் மேலேயே இருந்தது. மறுநாள் அதே கோளைக் கடந்துபோன மாரினர் 5-இன் அளவீடுகளோடு சேர்த்துப் பார்த்தபோது கணக்கு உதைத்தது. அமெரிக்கக் கலமும் சோவியத் கலமும் ஒன்றையொன்று திருத்தின. பனிப்போர்க் காலத்தில் இப்படி நடந்தது இரண்டு பக்கமும் திட்டமிட்டதல்ல. அடுத்த வெனீரா 5, 6 இரண்டையும் கொஞ்சம் கெட்டிப்படுத்தி அனுப்பினார்கள். அவையும் தரையைத் தொடுமுன்பே நசுங்கின. அதன் பிறகுதான் பிடிவாதத்தை விட்டு, 180 மடங்கு அழுத்தம் தாங்கும் டைட்டானியக் கூட்டுக்கு மாறினார்கள்.

அதுதான் வெனீரா 7. 1970 டிசம்பர் 15. இறங்கும் வழியில் பாராசூட் பழுதாகி, கலம் தரையில் மோதிக் கவிழ்ந்தது. சமிக்ஞை அறுந்தது. தோல்வி என்றுதான் முதலில் எழுதிக்கொண்டார்கள். பிறகு பதிவு நாடாக்களை யாரோ பொறுமையாக அலசியபோது, இரைச்சலுக்கு அடியில், வழக்கமான வலுவில் நூறில் ஒரு பங்காக, 23 நிமிடச் செய்தி புதைந்திருந்தது. கலம் கவிழ்ந்ததில் அலைவாங்கி பூமியைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பியிருந்திருக்கிறது. போதாக்குறைக்கு உள்ளே ஒரு மாற்றுக்கருவி சிக்கிக்கொண்டதால் வெப்பநிலையை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது: 475 பாகை. இன்னொரு கோளின் தரையிலிருந்து மனிதருக்கு வந்த முதல் செய்தி அந்த ஒற்றை எண்.

கேமராக்களின் கதை வேறு. 1975 அக்டோபரில் வெனீரா 9 தரையைப் படம்பிடித்து அனுப்பியது. வேற்றுக் கோள் ஒன்றின் தரையிலிருந்து வந்த முதல் படம். ஆனால் அதன் இரண்டு கேமராக்களில் ஒன்றின் மூடி திறக்கவில்லை. வெனீரா 10-இலும் ஒன்று திறக்கவில்லை. 1978-இல் போன வெனீரா 11, 12 இரண்டிலும் ஒரு மூடிகூடத் திறக்கவில்லை. 1982 மார்ச்சில் வெனீரா 14 இறங்கியபோது இரண்டு மூடிகளும் ஒழுங்காகக் கழன்று விழுந்தன. மண் எவ்வளவு இறுக்கம் என்று அளக்க ஒரு கம்பிக் கை கலத்தின் பக்கவாட்டிலிருந்து நீண்டு வந்து ஓரிடத்தை அழுத்த வேண்டும். ஒரு மூடி போய் விழுந்தது சரியாக அந்த இடத்தில். பத்துக் கோடிக் கணக்கான கிலோமீட்டர் கடந்து போய், அந்தக் கருவி அளந்தது பூமியிலிருந்து கொண்டுபோன மூடியின் இறுக்கத்தை.

அதற்கு நான்கு நாள் முன் இறங்கிய வெனீரா 13 தான் இன்றுவரை சாதனையாளர். 32 நிமிடம் தாங்கினால் போதும் என்று செய்தது, 127 நிமிடம் தாங்கியது. வெள்ளியின் தரையில் இறங்கி உயிரோடு பேசிய எல்லாக் கலங்களின் நேரத்தையும் கூட்டிப் பார்த்தாலும் ஒரு முழு நாள் தேறாது. செவ்வாயில் கியூரியாசிட்டி ஊர்தி 2012 முதல் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இவற்றைக் கொல்வது அமிலமா? இல்லை. கந்தக அமிலம் மேலே மேகத்தில்தான் இருக்கிறது. மழையாகப் பெய்தாலும் தரைக்கு வருமுன் ஆவியாகிவிடும். அழுத்தத்துக்கும் கெட்டியான கூடு போதும். தவிர்க்க முடியாதது வெப்பம். கலத்தை இறங்குவதற்கு முன்பே குளிரவைத்து, கனமான காப்பு உறை போட்டு, உருகும்போது வெப்பத்தை உறிஞ்சும் லித்தியம் உப்பை உள்ளே வைத்து அனுப்பினார்கள். அதெல்லாம் வெப்பம் உள்ளே ஊறுவதைத் தாமதப்படுத்தும், தடுக்காது. நம் கைபேசியில் இருப்பது போன்ற சிலிக்கன் சில்லுகள் 200, 250 பாகையைத் தாண்டினால் வேலை செய்யாது. ஆகவே சிலிக்கனைக் காப்பாற்றப் பாடுபடுவதைவிட, அதையே மாற்றிவிடலாமே என்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள நாசா க்ளென் ஆய்வு மையத்தில் யோசித்தார்கள். சிலிக்கன் கார்பைடால் ஒரு சில்லு செய்து, வெள்ளித் தரையின் வெப்பம், அழுத்தம், வாயுக்கலவை எல்லாம் நிரப்பிய ஒரு கலனுக்குள், எந்த உறையும் குளிரூட்டலும் இல்லாமல் வைத்தார்கள். 521 மணி நேரம் ஓடியது. கிட்டத்தட்ட மூன்று வாரம். இதன் முடிவு 2016-இல் வெளியானது. 127 நிமிடத்திலிருந்து 521 மணி நேரத்துக்கு வந்திருக்கிறோம், ஆய்வகத்தில்தான் என்றாலும். கணிப்பொறி திறனில் அந்தச் சில்லு 1970-களைத் தாண்டாது. கேமரா பொருத்திய ஊர்தியை அதை வைத்து ஓட்ட முடியாது. வெப்பத்தையும் காற்றையும் நில அதிர்வையும் மாதக்கணக்கில் அளந்து அனுப்ப அது போதும். மின்னணுவே வேண்டாம், பற்சக்கரமும் சுருள்வில்லும் வைத்து ஓர் ஊர்தி செய்வோம் என்று கலிஃபோர்னியாவின் ஜெட் உந்து ஆய்வகத்தில் இன்னொரு குழு வரைபடம் போட்டது. படிக்கச் சுவையான யோசனை. நடக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

தரையை விட்டு 50, 55 கிலோமீட்டர் மேலே போனால் வெள்ளி வேறொரு கோளாகிவிடுகிறது. அங்கே அழுத்தம் நம் ஊர்க் காற்றின் அளவு அல்லது அதில் பாதி. வெப்பம் 75 பாகையிலிருந்து 27 பாகை வரை இறங்குகிறது. அமிலத் துளிகள் உண்டு. டெஃப்ளான் பூச்சு அதற்குப் போதும். கோள் முழுவதையும் நான்கு நாளில் சுற்றிவரும் வேகத்தில் காற்று ஓடுகிறது. 1985 ஜூனில் சோவியத்தின் வேகா கலங்கள் இரண்டும் ஆளுக்கொரு ஹீலியம் பலூனை இந்த உயரத்தில் விட்டுவிட்டு, அப்படியே ஹாலி வால்நட்சத்திரத்தைப் பார்க்கப் போய்விட்டன. பலூன்கள் மின்கலம் தீரும்வரை, சுமார் 46 மணி நேரம், காற்றோடு பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் மிதந்தன. நாற்பது ஆண்டுகளாகிவிட்டன. அதன் பிறகு வேறு எந்தக் கோளிலும் பலூன் விட்டதில்லை, வெள்ளியிலும்கூட. விண்வெளி நிறுவனங்கள் செய்யத் தவறியவற்றில் எனக்குப் பெரிய வருத்தம் இதில்தான்.

இந்த மிதமான உயரத்தைக் காட்டித்தான் மனிதரையும் அனுப்பலாம் என்கிறார்கள். நாசாவின் லாங்லி மையத்தில் 2014 வாக்கில் ஹேவோக் என்ற திட்ட ஆய்வு ஒன்று செய்தார்கள். இரண்டு பேர் ஓர் ஆகாயக் கப்பலில் ஒரு மாதம் மேகத்தில் மிதந்துவிட்டுத் திரும்புவது. கரியமில வாயுவைவிட நாம் சுவாசிக்கும் காற்று லேசானது. ஆகவே குடியிருக்கும் காற்றே கப்பலைத் தூக்கிப் பிடிக்கும். அழகான கணக்கு. திரும்பி வருவதில்தான் இடிக்கிறது. வெள்ளியின் ஈர்ப்பு பூமியில் பத்தில் ஒன்பது பங்கு. நிலவிலிருந்து கிளம்பியது போலச் சின்ன இயந்திரத்தில் கிளம்ப முடியாது. சுற்றுப்பாதைக்கு ஏறும் அளவு பெரிய ராக்கெட் ஒன்றைக் கப்பலுக்கு அடியில் தொங்கவிட்டு, மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் காற்றில் மிதந்தபடியே பற்றவைக்க வேண்டும். தவறினால் கீழே 465 பாகை. சரி, இவ்வளவு பட்டும் அந்த இரண்டு பேர் அங்கே செய்யப்போவது என்ன? தரைக்கு அவர்களால் போக முடியாது. மேகத்தை அளப்பதற்கு ஒரு பலூன் போதும். 1967-இலும் நாசாவுக்காக இப்படி ஒரு திட்டம் எழுதினார்கள்: அப்பல்லோ கலத்தில் மூன்று பேரை வெள்ளியைச் சுற்றிப் போய்வரச் செய்வது, இறங்காமலேயே. போயிருந்தால் சன்னல் வழியே மேகத்தைப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். மனிதரை அனுப்பும் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. அங்கே உயிரைப் பணயம் வைத்துப் பெறக்கூடியது எதுவும் இல்லை.

இயந்திரத்தைப் பணயம் வைத்துப் பெறக்கூடியதோ நிறைய இருக்கிறது. வெள்ளியின் விட்டம் 12,104 கிலோமீட்டர், பூமியினுடையது 12,742. எடையும் பூமியினுடையதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல். இரண்டும் ஒரே காலத்தில், ஒரே வகைப் பொருளிலிருந்து உருவானவை. வெள்ளி சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் இப்படி எரிகிறது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. அதன் மேகம் சூரிய ஒளியில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. கணக்குப் பார்த்தால் பூமி ஏற்றுக்கொள்வதைவிடக் குறைந்த வெயிலைத்தான் வெள்ளி ஏற்றுக்கொள்கிறது. உள்ளே போன கொஞ்சத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்திருப்பது கரியமில வாயு.

வியப்பு என்னவென்றால், பூமியிலும் ஏறக்குறைய அதே அளவு கரியமிலம் இருக்கிறது. அது காற்றில் இல்லாமல் பாறையில் இருக்கிறது. அரியலூரில் சிமெண்ட் ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல் ஒரு காலத்தில் காற்றில் இருந்த கரியமில வாயுதான். மழையில் கரைந்து, ஆற்றோடு ஓடி, கடலில் சிப்பியின் ஓடாகவும் படிவமாகவும் இறுகி, பாறையானது. ஆலைச் சூளையில் 900 பாகைக்குச் சூடாக்கும்போது அது மறுபடி காற்றுக்கே போகிறது. இந்தச் சுழற்சி நடக்கத் தண்ணீர் வேண்டும். வெள்ளியில் தண்ணீர் போய்விட்டது. கரியமிலத்தைப் பாறையில் பூட்ட ஆளில்லை.

தண்ணீர் எப்போது போனது? 1978-இல் இறங்கிய அமெரிக்காவின் பயனியர் வெள்ளிக் கலம் ஒரு தடயத்தைக் கண்டது. வெள்ளியின் காற்றில் சாதா ஹைட்ரஜனோடு ஒப்பிட டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் பூமியில் இருப்பதைப் போல் நூறு மடங்குக்கு மேல் இருக்கிறது. தண்ணீர் வெயிலில் உடைந்து, லேசான ஹைட்ரஜன் விண்ணுக்கு ஓடிவிட, கனமானது பின்தங்கி நின்றதன் அடையாளம் அது. ஆகவே அங்கே தண்ணீர் நிறைய இருந்தது. கடலாக இருந்ததா, வெறும் நீராவியாகவா? இங்கேதான் சண்டை. நாசாவின் மைக்கேல் வே குழுவினர் 2016-இல் காட்டிய மாதிரியில், மெதுவாகச் சுழலும் வெள்ளிக்கு மேகம் குடைபிடித்து, இருநூறு கோடி ஆண்டு வரைகூடக் கடல் நின்றிருக்கலாம். 2021-இல் மார்ட்டின் டர்பே குழுவினர் அதற்கு நேர்மாறாகச் சொன்னார்கள்: மேகங்கள் இரவுப் பக்கத்தில்தான் கூடின, அங்கே அவை போர்வையாகி வெப்பத்தை அடைத்தன, நீராவி ஒருநாளும் மழையாகவே இல்லை. இரண்டும் தேர்ந்த கணிப்பொறி மாதிரிகள். முதலாவது சரியென்றால் பூமி போன்ற கோள் ஒன்று நடுவயதில் கெட்டுப்போகக்கூடும். இரண்டாவது சரியென்றால் வெள்ளி பிறந்தபோதே வேறு பாதையில் போய்விட்டது. தீர்ப்புச் சொல்ல, மந்த வாயுக்களின் அளவையும் பாறையின் இயல்பையும் நேரில் போய்ப் பார்த்தாக வேண்டும். நாசாவின் டாவின்சி கலம் செய்யவிருப்பது அதைத்தான்: ஒரு மணி நேரம் காற்றை முகர்ந்துகொண்டே ஆல்ஃபா ரீஜியோ என்னும் மேட்டு நிலத்தில் இறங்குவது. தரையைத் தொட்டபின் பிழைத்தால் லாபம்; பிழைக்காவிட்டாலும் வேலை முடிந்திருக்கும். கலத்தை இப்படித் திட்டமிடுவதற்கு வெனீராக்கள் கற்றுக்கொடுத்திருக்கின்றன.

இந்தத் தீர்ப்பு வெள்ளியோடு நிற்பதில்லை. வேறு விண்மீன்களைச் சுற்றும் பூமி அளவுக் கோள்களைத் தேடுகிறோம். தொலைவிலிருந்து ஒருவர் நம் சூரியனைப் பார்த்தால், அளவையும் எடையையும் மட்டும் வைத்து வெள்ளியையும் பூமியையும் வேறுபடுத்துவது கடினம். புவி வெப்பமாதல் பற்றி 1988-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்ன ஜேம்ஸ் ஹான்சன் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது வெள்ளியின் வளிமண்டலத்தை என்பதும் தற்செயல் இல்லை.

ஆண்டுகளைப் பணயம் வைப்பதைப் பற்றிச் சொன்னேன். அதில் முதல் பெயர் ஒரு பிரெஞ்சுக்காரருடையது, இடம் புதுச்சேரி. சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடப்பதைப் பார்க்க 1760-இல் கப்பலேறிய கியோம் லெ ழாந்தி, வந்து சேருமுன் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துவிட்டதால் 1761 கடப்பை ஆடும் கப்பலிலிருந்து பார்த்தார்; அளவீடு பயன்படவில்லை. எட்டு ஆண்டு இந்தப் பக்கமே தங்கி, 1769 ஜூன் 4 காலை புதுச்சேரியில் கருவிகளோடு காத்திருந்தார். மேகம் மூடிவிட்டது. ஊர் திரும்பினால், அவர் இறந்துவிட்டதாக எண்ணி அறிவியல் கழகத்தில் அவர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள், வாரிசுகள் சொத்துக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஜப்பானின் அகாட்சுகி குழுவினருக்கு இதைவிட நல்ல முடிவு கிடைத்தது. 2010 டிசம்பரில் அந்தக் கலம் வெள்ளியின் சுற்றுப்பாதைக்குள் நுழையும் நேரத்தில் முதன்மை இயந்திரம் பழுதாகி, கோளைத் தாண்டிப் போய்விட்டது. ஐந்து ஆண்டு சூரியனைச் சுற்றவிட்டு, 2015 டிசம்பர் 7-இல், கலத்தைத் திருப்புவதற்கு மட்டுமே வைத்திருந்த சிறு உந்துகளை இருபது நிமிடம் எரித்து உள்ளே இழுத்துவிட்டார்கள். 2024 வரை அது மேகத்தின் ஓட்டத்தைப் படம்பிடித்தது.

சுற்றுப்பாதைதான் ஆபத்து மிகக் குறைந்த உயரம். நிலையான பலன் தந்ததும் அதுதான். 1990-இல் போய்ச் சேர்ந்த மகெல்லன் கலம் ரேடாரால் மேகத்தை ஊடுருவி, தரையில் 98 விழுக்காட்டை வரைந்தது. அந்தப் படங்கள் முப்பது ஆண்டு காப்பகத்தில் கிடந்தன. 2023-இல் ராபர்ட் ஹெரிக், ஸ்காட் ஹென்ஸ்லி என்ற இருவர் 1991 பிப்ரவரிப் படத்தையும் அதே ஆண்டு அக்டோபர்ப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மாட் மோன்ஸ் எரிமலை அருகே ஒரு வாய் எட்டு மாதத்தில் கிட்டத்தட்ட இரு மடங்கு அகன்றிருப்பதைக் கண்டார்கள். வெள்ளி இன்னும் கக்கிக்கொண்டிருக்கிறது.

இந்தியாவும் இந்த உயரத்தையே தேர்ந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை வெள்ளி சுற்றுக்கலத் திட்டத்துக்கு 1,236 கோடி ரூபாய் ஒதுக்கியது. கலத்துக்கு மட்டும் 824 கோடி. ஏவுவதற்குக் குறித்திருப்பது 2028 மார்ச். பணம் சின்னதில்லை, அதை வைத்து வேறு என்னென்ன செய்யலாம் என்று கேட்பவர்களைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் முதல் முயற்சியில் தரையிறங்கியை அனுப்பாமல் ரேடாரோடு சுற்றுக்கலத்தை அனுப்புவது பொறுப்பான சூதாட்டம். வெள்ளியைப் புதிதாக ரேடாரில் வரைய வேண்டிய நாசாவின் வெரிட்டாஸ் 2031-க்கு முன் கிளம்பாது. ஐரோப்பாவின் என்விஷன் அதற்கும் தாமதம். இஸ்ரோ சொன்ன நாளில் கிளம்பிச் சேர்ந்தால், மகெல்லன் படங்களோடு ஒப்பிடும் புதிய ரேடார் படம் முதலில் பெங்களூருக்கு வரும். மாட் மோன்ஸின் அந்த வாய் முப்பத்தேழு ஆண்டுகளில் எவ்வளவு விரிந்தது, எவ்வளவு தூரம் குழம்பு ஓடியது என்று அப்போது அளந்துவிடலாம்.